சாம்பல் மண் சரிவில் விரிசல்: நீரைத் தேக்கவா, வடிக்கவா?

கேள்வி: பழைய எரிமலைச் சரிவில், சுமார் 30 பாகைச் சாய்வுள்ள நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன். மழைக்கு மேல்மண் அரித்துப் போகிறது. சமமட்டக் குழி வெட்டி நீரைத் தேக்கச் சொல்கிறார்கள். ஆனால் தோட்டத்தின் மேற்பகுதியில் பிறை வடிவில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. குழி வெட்டலாமா?

பதில்: வெட்டவே கூடாது. மண்ணரிப்புக்கு மருந்தாகும் வேலை மண்சரிவுக்கு நஞ்சாகிவிடும். அரிப்பைத் தடுக்க நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிறோம். மண்சரிவைத் தடுக்கவோ நீர் உள்ளே இறங்காமல் வெளியேற்ற வேண்டும். பிறை வடிவ விரிசல் என்றால் கீழே உள்ள மண் ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளுங்கள்.

எரிமலைச் சாம்பல் மண் பஞ்சுபோல நீரை உறிஞ்சும். காய்ந்த நிலையில் ஒரு லிட்டர் மண் 900 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும், அத்தனையும் துளைகள். மழை அதில் சடசடவென இறங்கி, அடியில் உள்ள களிமண்ணாக மட்கிய பழைய சாம்பல் அடுக்கிலோ பாறையிலோ முட்டி நிற்கும். அங்கே நீரழுத்தம் ஏற ஏற மேல்மண்ணின் பிடி தளர்ந்து, ஒருநாள் மொத்தமாக வழுக்கும். ஈரக் கட்டி ஒன்றை விரல்களுக்கிடையே அழுத்தித் தேயுங்கள். முதலில் கெட்டியாக இருந்து, சட்டென நீர்விட்டு வழவழப்பானால் உங்களுடையது அந்த வகை மண்தான். உகாண்டாவில் எல்கான் என்ற பழைய எரிமலையின் சரிவுகளில் நெருக்கமாக விவசாயம் நடக்கிறது. அங்கே புடுடா பகுதியில் 2010 மார்ச் 1 அன்று, கனமழைக்குப் பின் இறங்கிய மண்சரிவு நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது.

முதல் வேலை விரிசலை அடைப்பது. களிமண்ணைத் திணித்து இடித்து, மேலே லேசாக மேடாக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். திறந்து கிடக்கும் விரிசல் மழைநீரை நேராக வழுக்குத் தளத்துக்கே, அதாவது மேல்மண் வழுக்கும் அந்த அடி அடுக்குக்கே, கொண்டுபோகும்.

அடுத்து, விரிசலுக்கு மேலே அசையாத நிலத்தில் ஒரு வடிகால். வாட்டம் 1 சதவீதம் போதும். அதிகமானால் சாம்பல் மண் வாய்க்காலையே அரித்து ஓடையாக்கிவிடும். அடிகள் 2 மீட்டர் இடைவெளியில் உள்ள ‘ஏ’ வடிவச் சட்டத்தில் தூக்குக்குண்டு கட்டி, நீர் போகும் பக்கத்துக் காலுக்கு அடியில் 2 செ.மீ. கட்டை வையுங்கள். குண்டு நடுக்குறியில் நின்றால் வாட்டம் சரி. வாய்க்காலின் உட்புறத்துக்கு விரிப்பு கட்டாயம். கசிந்தால் அதுவே சரிவுக்கு நீர் ஊட்டும். முடிவிடம் பாறை அடியுள்ள இயற்கை ஓடையாக இருக்க வேண்டும். அடுத்தவர் நிலத்துப் பள்ளத்தில் விடுவது ஆபத்தை அவர் தலையில் கட்டுவதாகும்.

சரிவின் அடிவாரத்தை வீட்டுக்கோ பாதைக்கோ வெட்டாதீர்கள். மேலிருக்கும் மண்ணைத் தாங்கி நிற்பது அந்த அடிதான். மரங்களையும் வெட்ட வேண்டாம்: வேர் மட்க மட்கப் பிடி குறையும், வெட்டிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் நிலம் மிக பலவீனமாகும். வெட்டிவேர் அரிப்புக்கு நல்ல வேலி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட வேண்டும். ஆனால் உறைபனி விழும் உயரத்தில் சரியாக வளராது. வழுக்குத் தளம் வேருக்கும் கீழே இருந்தால் எந்தச் செடியும் உதவாது. விரிசலுக்குக் கீழுள்ள பகுதியில் கிழங்கை விட்டுவிட்டு, உழவில்லாத நிரந்தரப் புல்லுக்கு மாறுவதே நல்லது. கிழங்குக்காக ஆண்டுதோறும் கிளறும் மண்ணில் நீர் இன்னும் எளிதாக இறங்கும்.

விரிசலின் இருபுறமும் இரும்புக் கம்பி அடித்து இடைவெளியை வாரம் ஒருமுறையும், மழை நாட்களில் தினமும் அளந்து எழுதுங்கள். அகலம் முன்பைவிட வேகமாகக் கூடினாலோ, புதிய ஊற்று கிளம்பினாலோ, பழைய ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, வீட்டுக் கதவுகள் இறுகினாலோ தாமதிக்காமல் வெளியேறுங்கள். நிலவியல் அலுவலரை இப்போதே அழைத்துக் காட்டுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை, கனமழை இரவுகளில் சரிவுக்குக் கீழும் ஓடை வாயிலும் உள்ள வீடுகளில் யாரும் தூங்கக் கூடாது. மழை பெய்தும் ஓடையில் நீர் திடீரெனக் குறைந்தால் மேலே மண் அடைத்திருக்கக்கூடும். அப்போது ஓடையோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள்.