பலகை பிடித்த பொழுது

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. முதலாண்டிலேயே எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட வேண்டும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதால் நாடகம், ஒளிப்படம், விவாதம், மலையேற்றம், ரோபோட்டிக்ஸ், கிட்டார், தன்னார்வத் தொண்டு என ஏழு குழுக்களில் சேர்ந்தேன். எதிலும் மனம் ஒன்றவில்லை. நாடகத்தில் வேடம்கூடக் கிடைக்கவில்லை. மேடை அமைக்க வந்த தச்சருக்குப் பலகை பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம், அன்று மட்டும் நேரம் போனதே தெரியவில்லை. மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எது உதவும்?

ம.

அன்புள்ள ம.,

கொஞ்ச நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால் உடனே எழுதுகிறேன். மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடத்துக்கு உரிய நேரத்தைப் பாடத்துக்குக் கொடுங்கள், போதும். வேலை விண்ணப்பத்தைப் பற்றி முதலாண்டில் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் மூன்று மாதங்களில் ஏழு குழுக்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கிட்டார் பழகுபவருக்கு விரல்நுனி காய்த்து வலி குறைவதற்கே சில வாரங்கள் ஆகும். அந்த வலி தீரும் முன்பே நீங்கள் மலையேற்றத்துக்குப் போய்விட்டீர்கள். தலையைக் காட்டிவிட்டு வருவதற்கு அனுபவம் என்று பெயர் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் முயன்று பார்க்கச் சொன்ன மூத்த மாணவர்களிடம், அவர்கள் முயன்றவற்றில் இன்று கையில் நிற்பது எது என்று கேட்டுப் பாருங்கள்.

சார்லஸ் டார்வின் 1825ஆம் ஆண்டு எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. விரிவுரைகள் அவருக்குச் சலிப்பூட்டின. மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் பாதியிலேயே ஓடிவந்தார். ஆனால் அதே முதலாண்டில், 1826இல், இறந்த பறவைகளைக் கெடாமல் பாடம் செய்து பிழைத்துவந்த ஒருவரிடம் கட்டணம் கொடுத்து அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் ஜான் எட்மன்ஸ்டன். தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவர் இனிமையானவர், அறிவுள்ளவர் என்றும், அவரோடு அடிக்கடி உட்கார்ந்திருப்பது வழக்கம் என்றும் டார்வின் பிற்காலத்தில் எழுதினார். 1831இல் பீகிள் கப்பல் புறப்பட்டபோது அந்தக் கைப்பழக்கமும் அவரோடு போனது. கப்பலில் தம் உதவியாளருக்கும் பறவைத் தோல் உரிப்பதைச் சொல்லிக்கொடுத்தார். 1835இல் கலாபகோஸ் தீவுகளில் சேகரித்த பறவைகள் கெடாமல் இங்கிலாந்து வந்து சேர்ந்ததால்தான், 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவற்றை மேசைமேல் வைத்து, அவற்றில் பல ஒன்றுக்கொன்று நெருங்கிய தனித்தனி இனங்கள் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

இதை நான் சொல்வது, நீங்களும் டார்வின் ஆகலாம் என்பதற்காக இல்லை. 'அடிக்கடி உட்கார்ந்திருப்பது' என்ற அந்தச் சொல்லுக்காகத்தான். ஒரு வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில், அவர் கை போகும் வழியைப் பார்த்துக்கொண்டு, பல நாட்கள் உட்கார்ந்திருப்பது. வகுப்பறைக்கு வெளியே ஒரு மாணவனுக்குக் கிடைக்கக்கூடியவற்றில் இதைவிடப் பெரியதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. குழுக்களின் பெயர்ப் பட்டியலில் இது இருக்காது.

நான் முதலாண்டு படித்தபோது எங்கள் நூலகத்தின் பின்னறையில் ஒரு பைண்டர் இருந்தார். கிழிந்த புத்தகம் ஒன்றைக் கொடுக்கப் போனவன், ஆண்டு முழுவதும் மாலை நேரங்களில் அங்கேயே இருந்தேன். அச்சுத் தாள்களான பாரங்களை மடித்து அடுக்கி, மடிப்பின் முதுகில் ஊசி குத்தி, மெழுகு தடவிய நூலால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார். என்னிடம் ஊசியைக் கொடுத்த முதல் நாள் நான் நூலை என் பக்கமாக இழுத்தேன்; தாள் மடிப்பில் பிளந்துவிட்டது. அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, நூலை முதுகோடு ஒட்டி, தையல் போகும் திசையிலேயே இழுக்க வைத்தார். நூல் இறுகும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அதற்குமேல் இழுக்கக் கூடாது. அந்தச் சத்தம் என் காதுக்குப் பிடிபட இரண்டு மாதங்கள் ஆயின. அதுவரை நான் தைத்தவற்றையெல்லாம் நான் போன பிறகு அவர் பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறார் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் ஒரு பத்தியை எங்கே நிறுத்துவது என்று தயங்கும்போது அந்த நூலின் சத்தத்தை நினைத்துக்கொள்கிறேன்.

டார்வின் தம் நினைவுக் குறிப்பில் எட்மன்ஸ்டனின் குணத்தை எழுதினார், பெயரை எழுதவில்லை. அவர் இன்னார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். ஓராண்டு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், என் பைண்டரை 'அண்ணே' என்று கூப்பிட்டதோடு சரி. பெயரைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

ஏழில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். ஏழின் பெயரையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். மனம் ஒன்றிய ஒரே பொழுதை 'மிச்சம்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, தம்பி. அந்தத் தச்சர் அடுத்து எப்போது வருகிறார் என்று விசாரியுங்கள். அவருக்குக் கையாள் தேவையா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். அவர் பெயரை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.