பிடித்த போக்கிமானை வைத்தே ஜெயிக்க முடியுமா?

கேள்வி: போக்கிமான் ஸ்கார்லெட்டில் கதையை முடித்துவிட்டேன். இப்போது ரேங்க்ட் டபுள்ஸ் (இரண்டிரண்டு போக்கிமான்களாக மோதும் தரவரிசை ஆட்டம்) ஆட ஆரம்பித்திருக்கிறேன். ஃப்ளேரியான், லக்ஸ்ரே, ஜெங்கார், அசுமாரில், கியாரடோஸ் ஆகிய ஐந்தும் எனக்குப் பிடித்தவை, மாற்ற மனமில்லை. தொடர்ந்து தோற்கிறேன். “ஃப்ளேரியான் வேஸ்ட், டியர் லிஸ்ட்டில் எங்கே கிடக்கிறது பார்” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதைத் தூக்கிவிடவா? ஆறாவதாக யாரைச் சேர்க்கலாம்?

பதில்: தூக்க வேண்டாம். நீங்கள் தோற்பதற்குக் காரணம் ஃப்ளேரியான் இல்லை. உங்கள் ஐந்தில் நான்கு போக்கிமான்கள் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: மெதுவாகப் போய் பலமாக அடிப்பது. அவற்றை வேகப்படுத்த அணியில் ஆளே இல்லை. ஆறாவது இடத்துக்கு அப்படி ஒருவர்தான் வேண்டும்.

முதலில் அந்த டியர் லிஸ்ட், அதாவது போக்கிமான்களைத் தரம் பிரிக்கும் பட்டியல், பற்றி. இணையத்தில் பெரும்பாலும் சுற்றுவது ஸ்மோகன் குழுவின் பட்டியல். அதில் பெயர்பெற்ற பிரிவுகள் சிங்கிள்ஸ் ஆட்டத்துக்கானவை. அடிப்படையில் எது எத்தனை பேரால் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். நீங்கள் ஆடுவதோ டபுள்ஸ். லெவல் 50, ஆறு பேரைக் கொண்டுபோய் நால்வரை இறக்கும் ஆட்டம். பக்கத்தில் ஒரு துணை நிற்கும்போது கணக்கே வேறு. 2014-இல் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை செஜுன் பார்க் வென்ற அணியில் பச்சிரிசு என்ற மின்சார அணில் இருந்தது. அதன் அடிப்படை எண்களின் கூட்டுத்தொகை வெறும் 405. பலரும் பயன்படுத்தும் கார்சோம்ப் என்ற டிராகனுக்கு 600. அந்த அணிலை அவர் அடிக்க வைக்கவில்லை. ஃபாலோ மீ போட்டு எதிராளியின் அடியைத் தன் மேல் இழுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அபிலிட்டி, அதாவது அதன் இயல்பான திறன், வோல்ட் அப்சார்ப் என்பதால் மின்சார அடி வந்தால் அதற்கு உயிர் ஏறும். அதே அணியில் மின்சாரத்துக்கு நான்கு மடங்கு பயப்படும் கியாரடோஸும் இருந்தது என்று சொன்னால் மிச்சம் உங்களுக்கே புரியும்.

ஆகவே பிடித்த போக்கிமான் எதுவானாலும் “இது பலமா, பலவீனமா” என்று கேட்காதீர்கள். மற்றவற்றைவிட இது நன்றாகச் செய்யக்கூடிய ஒரு வேலை என்ன என்று கேளுங்கள். (கதைப் பகுதிக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். அங்கே எதை வைத்தும் ஜெயிக்கலாம், லெவல் ஏற்றினால் போதும்.)

ஃப்ளேரியானுக்கு வருவோம். அதன் அடிப்படை அட்டாக் 130. கார்சோம்புக்கும் அதே 130தான். லெவல் 50-இல் முழுப் பயிற்சியும், அட்டாக்கைக் கூட்டும் அடமன்ட் நேச்சரும் (குணமும்) கொடுத்தால் இரண்டுமே 200-இல் வந்து நிற்கும். பிறகு ஏன் கெட்ட பெயர்? பல ஆண்டுகள் அதற்கு உருப்படியான நெருப்பு அடி கிடையாது. ஃப்ளேர் ப்ளிட்ஸ் அதன் கைக்கு வந்ததே 2013-இல், எக்ஸ், ஒய் ஆட்டங்களில்தான். பெயர் கெட்டது கெட்டதுதான், அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு குறை வேகம். அடிப்படை ஸ்பீடு 65. இந்தக் குறை இன்றும் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் பலரும் தவறான வழியில் போகிறார்கள்: ஸ்பீடு குறைவா, இருக்கிற இ.வி. (பயிற்சிப் புள்ளிகள்) எல்லாவற்றையும் ஸ்பீடில் கொட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 252 இ.வி.யும் ஸ்பீடைக் கூட்டும் ஜாலி நேச்சரும் கொடுத்தால் ஃப்ளேரியானின் ஸ்பீடு 128. அதே முறையில் வளர்த்த கார்சோம்ப் 169. ஆகக்கூடியதைச் செய்தும் 41 பின்னால். அட்டாக்கும் போய், வேகமும் வரவில்லை.

இப்போது ஸ்பீடில் ஒரு இ.வி.கூடப் போடாத ஃப்ளேரியானை எடுங்கள். அதன் ஸ்பீடு 85. துணை போக்கிமான் டெயில்விண்ட் போட்டால் உங்கள் பக்கம் எல்லோருக்கும் ஸ்பீடு இரட்டிப்பு. 85 இரட்டித்தால் 170. கார்சோம்பின் 169-ஐ ஒரே ஒரு புள்ளியில் தாண்டிவிட்டது! ஸ்பீடு ஐ.வி. (பிறக்கும்போதே அமையும் எண்) 31 இருந்தால்தான் இந்த 85 வரும், அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த டெயில்விண்ட் போடும் ஆள்தான் உங்கள் ஆறாவது. என் தேர்வு முர்க்ரோ. பரிணாமம் அடையாத அந்தச் சின்னக் காக்கைதான், ஹான்ச்க்ரோ அல்ல. டஸ்க் ஸ்டோனைக் கையில் வைத்துக்கொண்டு ஆசைப்பட்டுவிடாதீர்கள். முர்க்ரோவின் ஹிடன் அபிலிட்டி ப்ராங்ஸ்டர், அதாவது அடி இல்லாத மூவ்களை முந்திக்கொண்டு போடும் திறன். ஹான்ச்க்ரோ ஆனதும் அது போய்விடும். பரிணாமம் அடையாததால் ஈவியோலைட் ஐட்டமும் வேலை செய்யும். இரண்டு டிஃபென்ஸும் ஒன்றரை மடங்காகும். மூவ்கள்: டெயில்விண்ட், டாண்ட் (எதிராளியை அடி மூவ்கள் மட்டுமே போட வைப்பது), ஹேஸ் (ஏறிய, இறங்கிய எண்களைப் பழையபடி ஆக்குவது), ஃபவுல் ப்ளே. ஃபவுல் ப்ளே எதிராளியின் அட்டாக்கை வைத்தே அடிக்கும் என்பதால் முர்க்ரோவுக்கு அட்டாக் பயிற்சியே தேவையில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. ஃப்ளேரியான், லக்ஸ்ரே, ஜெங்கார் மூன்றுமே கிரவுண்ட் டைப்புக்குப் பலவீனம். ஜெங்காருக்கு கிரவுண்ட் அடி படாமல் காக்கும் லெவிடேட் இருந்த காலம் முடிந்துவிட்டது, 2016-இல் சன், மூன் ஆட்டங்களிலேயே அதைப் பிடுங்கிவிட்டார்கள். கியாரடோஸ் ஒன்றுதான் உங்களிடம் எர்த்க்வேக் என்ற கிரவுண்ட் அடியைச் சட்டை செய்யாதது. பறக்கும் டைப்பான முர்க்ரோ வந்தால் அது இரண்டாகும்.

இனி ஃப்ளேரியானைத் தயார் செய்வது. அபிலிட்டி பேட்ச் கொடுத்து ஹிடன் அபிலிட்டியான கட்ஸை வர வையுங்கள். கையில் டாக்ஸிக் ஆர்ப். நெருப்பு டைப்புக்குத் தீக்காயம் பிடிக்காது, அதனால் ஃப்ளேம் ஆர்ப் வேலைக்கு ஆகாது, விஷம்தான் வழி. விஷம் ஏறியதும் கட்ஸ் அட்டாக்கை ஒன்றரை மடங்காக்கும், 200 என்பது 300 ஆகும். மூவ்கள் ஃபசாட், ஃப்ளேர் ப்ளிட்ஸ், க்விக் அட்டாக், ப்ரொடெக்ட் (அந்த டர்னில் அடி படாமல் காப்பது). ஃபசாடின் பவர் 70. விஷம் ஏறியிருந்தால் 140. டெரா டைப்பை (ஆட்டத்தின் நடுவே போக்கிமான் மாறிக்கொள்ளும் டைப்) நார்மலாக மாற்றினால் சொந்த டைப் அடிக்கான ஒன்றரை மடங்கும் சேரும். ஃப்ளேர் ப்ளிட்ஸும் பலம் இழக்காது, பழைய டைப்புக்கான கூடுதல் அப்படியே இருக்கும். கிரவுண்ட், ராக், வாட்டர் பலவீனங்களும் கழன்றுவிடும், ஃபைட்டிங் ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும். டெரா டைப்பை மாற்ற அந்த டைப்பின் டெரா ஷார்ட் 50 வேண்டும். மெடாலி ஊரின் உணவகத்தில் மாற்றித் தருவார்கள்.

ஆட்டத்தில் இது இப்படிப் போகும். முதல் டர்னில் முர்க்ரோ டெயில்விண்ட் போடுகிறது, ஃப்ளேரியான் ப்ரொடெக்ட் போட்டு நிற்கிறது. அந்த டர்ன் முடியும்போது ஆர்ப் விஷத்தை ஏற்றுகிறது. இரண்டாவது டர்னில் வேகம் 170, அட்டாக் 300, டெரா நார்மல், ஃபசாட். டெயில்விண்ட் போட்ட டர்னையும் சேர்த்து நான்கு டர்ன் இருக்கும், அதாவது ஃப்ளேரியானுக்கு மூன்று அடி. டாக்ஸிக் ஆர்ப் விஷம் டர்னுக்கு டர்ன் கூடும்: உயிரில் பதினாறில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூன்று டர்னில் மொத்தம் பதினாறில் ஆறு பங்கு போகும். ஃப்ளேர் ப்ளிட்ஸும் கொடுத்த அடியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். ஆகவே கோஸ்ட் டைப் எதிரே நின்றாலோ, நெருப்புக்கு எதிராளி உருகிவிடுவார் என்றாலோ மட்டும் அதைத் தொடுங்கள். ஃபசாட் கோஸ்ட்டின் மேல் படவே படாது.

திட்டம் கெடுவது பெரும்பாலும் ஃபேக் அவுட்டால், அதாவது எதிரே நிற்பவரை அந்த டர்னில் மிரள வைக்கும் அடியால். ப்ராங்ஸ்டரையும் முந்திவரும் மூவ் அது. முர்க்ரோ மிரண்டுபோனால் முதல் டர்னில் டெயில்விண்ட் கிடையாது. அப்போது பிடிவாதமாக ஃப்ளேரியானை நிற்க வைக்காதீர்கள். இரண்டாவது டர்னில் முர்க்ரோ டெயில்விண்ட் போடட்டும், ஃப்ளேரியானை உள்ளே இழுத்து கியாரடோஸையோ லக்ஸ்ரேவையோ இறக்குங்கள். இரண்டுக்கும் இன்டிமிடேட் அபிலிட்டி வரும். டபுள்ஸில் அது எதிரே இருக்கும் இருவரின் அட்டாக்கையும் ஒரே நேரத்தில் இறக்கும். உள்ளே போன ஃப்ளேரியானுக்கு விஷத்தின் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால் அதுவும் நட்டமில்லை.

கியாரடோஸா லக்ஸ்ரேவா என்பது எதிரணியைப் பொறுத்தது. பொதுவாக கியாரடோஸ். எதிரே மின்சாரம் தெரிந்தால் லக்ஸ்ரே, ஏனென்றால் கியாரடோஸ், அசுமாரில், முர்க்ரோ மூன்றுக்குமே மின்சாரம் ஆகாது. இந்த ஓட்டையை முழுவதும் அடைக்க வேண்டுமென்றால் உங்கள் பிடித்தவற்றில் ஒன்றை மாற்ற வேண்டும், நீங்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டீர்கள். கியாரடோஸின் டெராவை கிரவுண்டாக வைத்தால் மின்சாரம் படாது, ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒருவருக்குத்தான் டெரா. அன்றைக்கு அது ஃப்ளேரியானுக்கா கியாரடோஸுக்கா என்பதை எதிரணியின் ஆறு பேரைப் பார்க்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அசுமாரிலைப் பற்றி உங்கள் நண்பர்கள் எதுவும் சொல்லவில்லையா? ஆச்சரியம்தான். அதன் அடிப்படை அட்டாக் 50. பார்த்தால் சிரிப்பு வரும். ஹியூஜ் பவர் அபிலிட்டி அதை இரட்டிப்பாக்கும், லெவல் 50-இல் முழுப் பயிற்சியோடு 224. கார்சோம்பின் 200-ஐவிட அதிகம்! உங்களுடையது திக் ஃபேட்டாக இருந்தால் அபிலிட்டி காப்ஸ்யூல் ஒன்று போதும். அதன் அக்வா ஜெட் முந்திக்கொண்டு அடிக்கும், அதனால் டெயில்விண்ட் விழாத ஆட்டத்திலும் இது சும்மா இருக்காது. ஜெங்காருக்கு அடிப்படை ஸ்பீடு 110, அதற்கு யார் தயவும் வேண்டாம். உங்கள் அணியில் ஸ்பெஷல் அட்டாக்கை நம்பி அடிப்பதும் அது ஒன்றுதான். எதிரணி இன்டிமிடேட் நிரம்பியதாக இருந்தால் ஜெங்காரை இறக்குங்கள்.

பயிற்சியில் ஒரு விஷயம் கவனம். கதை முழுக்க உங்களோடு வந்த போக்கிமான்களுக்கு வழியில் அடித்த ஒவ்வொரு போக்கிமானிடமிருந்தும் இ.வி. சேர்ந்திருக்கும், வேண்டாத இடங்களில். மொத்தம் 510தான் இடம். ஸ்டேட்ஸ் பக்கத்தில் எல் பொத்தானை அழுத்தினால் வரைபடம் தெரியும். ஸ்பீடில் தங்கியிருப்பதை டமேட்டோ பெர்ரி கொடுத்து இறக்குங்கள், ஒரு பெர்ரிக்கு 10 குறையும். காலியானதும் அட்டாக்குக்கு ப்ரோட்டீன், உயிருக்கு ஹெச்.பி. அப், ஒவ்வொன்றிலும் 26 வாங்கிக் கொடுங்கள். நேச்சரை அடமன்ட் மின்ட் மாற்றிவிடும், ஃப்ளேரியானின் முந்தைய வடிவமான ஈவியைப் புதிதாகப் பிடித்து வளர்க்க வேண்டியதில்லை. செலவானது அபிலிட்டி பேட்ச்தான். உங்களுக்கு இரண்டு வேண்டும், ஃப்ளேரியானுக்கும் முர்க்ரோவுக்கும். ஆறு நட்சத்திர டெரா ரெய்டுகளில் விழும். ஒன்றுதான் கிடைத்தால் முர்க்ரோவுக்குக் கொடுங்கள். ஃப்ளேரியான் கட்ஸ் இல்லாமல் ஆர்ப்பைக் கழற்றிவிட்டு ஃப்ளேர் ப்ளிட்ஸை வைத்து ஒப்பேற்றும், ப்ராங்ஸ்டர் இல்லாத முர்க்ரோவால் ஒப்பேற்ற முடியாது.

எதிரணி ட்ரிக் ரூம் போட்டால் மெதுவானவர்கள்தான் முதலில் அடிப்பார்கள், ஐந்து டர்ன் வரை. உங்கள் டெயில்விண்ட் உங்களுக்கே எதிரியாகிவிடும். ட்ரிக் ரூம் அணி என்று சந்தேகம் வந்தாலே முர்க்ரோவின் முதல் மூவ் டாண்டாக இருக்கட்டும், போடப்போகிறவரைக் குறிவைத்து. டார்க் டைப் மேல் ப்ராங்ஸ்டர் டாண்ட் செல்லாது. அப்படிப்பட்டவர் வந்தால் அசுமாரிலையும் கூடவே இறக்குங்கள். அடிப்படை ஸ்பீடு 50 என்பதால் அந்த ஐந்து டர்னில் அதுவும் அவர்களுடைய மெதுவானவர்களோடு போட்டி போட்டு அடிக்கும்.