பற்றியதும் அணையும் ஃபர்னஸ்: புதிதாக மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். குளிர் தொடங்கி முதல் தடவையாக ஹீட்டைப் போட்டோம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸில் நெருப்புப் பற்றுகிறது, சில செக்கன்களில் அணைந்துவிடுகிறது. வீட்டுக்குள் குளிர்காற்றுத்தான் வருகிறது. பார்க்க வந்தவர், "14 வருடப் பழசு, உள்ளே வெடித்துவிட்டது, திருத்த முடியாது. மாத வாடகைக்குப் புதிது போட்டுத் தருகிறோம், இன்றைக்கே கையெழுத்து வையுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், இன்றைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் சொல்லும் அறிகுறி ஒவ்வொரு ஒக்டோபரிலும் நான் பார்ப்பதுதான். ஃபர்னஸுக்குள் நெருப்பு வரும் இடத்தில் ஈர்க்கு மாதிரி மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு உண்மையாகவே பற்றிவிட்டது என்று கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அதில் சாம்பல் நிறப் படலம் படிந்துவிட்டால் தகவல் போகாது. நெருப்பு இல்லாமல் வாயு மட்டும் வருகிறது என்று பலகை நினைத்து, வாயுவை நிறுத்திவிடும். சில தடவை முயன்று பார்த்துவிட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒரு திருகாணியைக் கழற்றி, கம்பியை மெல்லத் தேய்த்துத் துடைத்து, திரும்ப மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு அது கால் மணி நேர வேலை. நீங்களே கழற்றப் போகாதீர்கள்.

அப்படி ஒருவரைக் கூப்பிட முன்னர் மூன்றைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆட்டோ'வில் இருக்க வேண்டும். 'ஆன்' என்று இருந்தால் நெருப்பு இல்லாத நேரத்திலும் காற்று வந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஃபில்டர். வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். ஃபில்டர் அடைத்த ஃபர்னஸ் சில நிமிடங்கள் ஓடிச் சூடேறிய பிறகுதான் நிற்கும், உங்களுடையது செக்கன்களில் நிற்கிறது. ஆகவே நேரத்தைக் கவனித்துக் குறித்து வையுங்கள். கடைசியாக, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களின் வாயில் இலையோ குளவிக்கூடோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, "உள்ளே வெடித்துவிட்டது" என்றாரே, அதற்கு வருகிறேன். வெப்பப் பரிமாற்றியில் கீறல் விழுந்துவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். எரிந்த வாயுவை வீட்டுக் காற்றோடு கலக்க விடாமல் தடுக்கும் உலோகச் சுவர் அது. அது உண்மையாகவே வெடிப்பதும் உண்டு. வெடித்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரலாம், அதற்கு மணம் இல்லை. அலாரம் அடித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வாந்தி வந்தாலோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911ஐ அழையுங்கள். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு.

ஆனால் வெடிப்பைக் கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஒன்ராறியோ மாகாணத்தில் விதி இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் வாயுவை நிறுத்தி, சிவப்பு அட்டை எழுதிக் கட்டி, எரிவாயு விநியோக நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் அட்டை கட்டினாரா? வெடிப்பைப் படம் எடுத்துக் காட்டினாரா? ஒன்றும் செய்யாமல், ஃபர்னஸை அப்படியே விட்டுவிட்டு ஒப்பந்தத்தை நீட்டினார் என்றால், அவர் சொன்னதை அவரே நம்பவில்லை. அட்டை கட்டியிருந்தாலும் கையெழுத்துக்கு அவசரமில்லை. இரண்டு இரவு மின் ஹீட்டரோடு சமாளித்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெடிப்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் ஃபர்னஸின் தொடர் இலக்கத்தைத் தயாரிப்பு நிறுவனத்திடம் சொல்லிக் கேளுங்கள். வெப்பப் பரிமாற்றிக்கு 20 வருடம் வரை உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 14 வருடம் என்பது தூக்கி எறியும் வயதல்ல.

போன குளிர்காலம் வயதான ஒரு தம்பதியின் வீட்டுக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், கோயில் காலண்டருக்குப் பக்கத்தில், காந்தத்தால் ஒப்பந்தம் ஒட்டியிருந்தது. 10 வருட வாடகை. கூட்டிப் பார்த்தால் ஃபர்னஸின் விலையைப் போலப் பல மடங்கு. "தமிழ்ப் பிள்ளை, அம்மா அம்மா என்று நல்லாக் கதைச்சது" என்றார் அந்த அம்மா. பழைய ஃபர்னஸ் கராஜில் கிடந்தது. அதன் கம்பியை விரலால் தடவிப் பார்த்தேன், சாம்பல் விரலில் ஒட்டியது.

அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் 1 முதல் இங்கே சட்டவிரோதம். அப்படிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். வாடகைப் பொருளுக்காக உங்கள் வீட்டுப் பத்திரத்தில் உரிமை பதியும் வழியையும் 2024இல் அடைத்தார்கள். எல்லாம் நல்ல சட்டங்கள்தான். ஆனால் முறைப்பாடு எழுதுவது, போனில் காத்திருப்பது, ஆங்கிலக் கடிதத்துக்குப் பதில் போடுவது எல்லாம் ஏமாந்த முதியவரின் தலையில்தான் விழுகிறது. ஏமாற்றியவர் அதற்குள் வேறு பெயரில் கம்பனி திறந்துவிடுகிறார். வருடக்கணக்காகப் பார்க்கிறேன், பொறுக்க முடியவில்லை. இப்போது அவர்கள் 'இலவசப் பரிசோதனை', 'அரசாங்க மானியம்' என்று போன் எடுத்து, உங்கள் வாயாலேயே "வாங்கோ" என்று சொல்ல வைக்கிறார்கள்.

ஆகவே அடுத்து வருபவரை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். எரிவாயு வேலை செய்பவர்களுக்கு அனுமதி கொடுக்கும் மாகாண அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், ஜி1 அல்லது ஜி2 என்று இருக்க வேண்டும். விற்பனைக்குக் கமிஷன் வாங்குகிறவரா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். ஃபர்னஸ் கதவில் சின்னக் கண்ணாடித் துளை இருந்தால், பழுதைக் காட்ட உள்ளே மின்னும் விளக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி வையுங்கள். போனில் இவ்வளவும் சொன்னால் போதும்: "பற்றுகிறது, இத்தனை செக்கனில் அணைகிறது, விளக்கு இத்தனை தடவை மின்னுகிறது. கம்பியைத் துடைத்துப் பார்க்க வேண்டும், வருகைக் கட்டணம் எவ்வளவு?"