விழுக்காடு ஏறுகிறது, வேலை ஏறவில்லை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் நெடுநாளாகப் பணிபுரிகிறேன். முன்பு புதியவர்களை அனுபவமுள்ள ஒருவரின் அருகில் அமர்த்துவோம். இப்போது எல்லாமே காணொளிப் பாடங்கள். முடித்தவர்களின் விழுக்காடு மாதந்தோறும் ஏறுகிறது, வேலையில் நேரும் தவறுகளோ குறையவில்லை. பழைய முறைக்கே திரும்பிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முழுவதும் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த விழுக்காடு எதை அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: பயின்றவருக்கு அது பிடித்ததா, எதையேனும் கற்றாரா, வேலையில் அவர் செயல்படும் விதம் மாறியதா, நிறுவனம் பயனடைந்ததா. பாடத்தை முடித்துவிட்டார் என்ற தகவல் இந்த நான்கில் ஒன்றுக்கும் விடையாகாது.

கணினி உண்மையாகவே வல்ல இடங்கள் உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். நாள்விட்டு நாள் கேள்வி கேட்டு அந்தப் பழக்கத்தைத் தருவது கைபேசிக்கு எளிது. ஒரு மணி நேரக் காணொளியை ஓடவிடுவதற்குத்தான் நாம் அதைப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் கேள்வியின் ஆழம் அருகில் அமர்வதில் இருக்கிறது. வாடிக்கையாளர் எந்த இடத்தில் தயங்கினார், எந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதையெல்லாம் மூத்தவர் பாடமாகச் சொல்வதில்லை. சொல்லத் தெரியாமலும் இருக்கலாம். பார்த்துப் பார்த்துத்தான் அவை கைவரும். வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், செயற்கை நுண்ணறிவு உதவியால் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட புகார்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் அந்த உயர்வு 34 விழுக்காடு. அனுபவசாலிகளிடம் மாற்றம் மிகக் குறைவு. திறமையானவர்களின் உரையாடல்களில் பொதிந்திருந்த வழக்கங்களை அந்தக் கருவி புதியவர்களுக்குக் கடத்தியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இது எனக்கு மகிழ்ச்சியும் அச்சமும் தருகிறது. தானே யோசிப்பதற்கு முன்பே விடை திரையில் வந்துவிடும் இடத்தில் பழகியவர், நாளை அந்தக் கருவிக்கே கற்பிக்கும் அளவுக்குத் தேர்ந்தவராவாரா?

ஆகவே, புதியவர் முதலில் தன் விடையை எழுதட்டும், அதன் பிறகே கருவியின் பரிந்துரையைப் பார்க்கட்டும். இரண்டும் வேறுபட்டால் அந்த வேறுபாட்டை மூத்தவரிடம் எடுத்துச் செல்லட்டும். விதிமுறைகளையும் படிவங்களையும் கைபேசி கற்பித்துவிடுவதால் மிச்சமாகும் வகுப்பறை நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பல நிறுவனங்களில் இது நடக்காமல் போவதற்கு மூத்தவரின் விருப்பமின்மை காரணமல்ல. கற்பிக்கச் செலவிடும் நேரத்தால் அவர் அன்றைய இலக்கை எட்ட முடியாமல் போகிறது. உங்கள் நிறுவனத்தில் அந்த நேரம் அவருடைய வேலைக்கணக்கில் சேர்கிறதா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.