பூச்செடி பார்த்த குழு

கேள்வி: அமெரிக்காவில் பஞ்சாலைகள் வந்த புதிதில், அங்கே வேலை செய்த பெண்கள் பத்து மணி நேர வேலை கேட்டு மனு மேல் மனு போட்டார்களாமே! ஓட்டுரிமையே இல்லாதவர்கள் வெறும் மனுவை வைத்துக்கொண்டு எதைச் சாதித்தார்கள்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த 'வெறும்' எதற்கு? மாசசூசெட்ஸின் லோவெல் நகரத்துப் பெண்கள் வேலைநிறுத்தமும் செய்து பார்த்தவர்கள்தான். 1834-ல் கூலியைக் குறைத்தபோது ஒரு தடவை, 1836-ல் கம்பெனி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணத்தை ஏற்றியபோது இன்னொரு தடவை. அப்புறம்தான் மனு. 1845-ல் 2,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் மாநிலச் சட்டசபைக்குப் போயின.

சட்டசபை என்ன செய்யும்? குழு போட்டது. குழுக்களைத் திட்டுவதே எனக்குப் பொழுதுபோக்கு என்று மாதம் ஒருவராவது கடிதம் எழுதுகிறார்கள். அவர்கள் இந்தக் குழுவின் கதையைக் கேட்கட்டும்.

தலைவர் வில்லியம் ஷூலர், லோவெலில் பத்திரிகை நடத்தியவர். எலைசா ஹெமிங்வே என்ற நெசவுப் பெண் குழுவின் முன் வந்து, தான் வேலை செய்யும் ஒரே கூடத்தில் 150 பேர் இருப்பதையும், காலையிலும் மாலையிலும் அங்கே 293 சின்ன விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரிவதையும் சொன்னார். அத்தனை விளக்குப் புகையில் மூச்சு முட்டாதா? குழுவினர் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஆலை வளாகத்தில் புல்தரை இருந்தது, மரங்கள் இருந்தன, பூச்செடிகள் இருந்தன. மனம் குளிர்ந்து திரும்பிவிட்டார்கள்! குறைகள் உண்டு, ஆனால் பரிகாரம் எங்கள் கையில் இல்லை என்றது அறிக்கை. கலையும் அறிவியலும் வளரவேண்டும், மனிதனுக்குப் பணத்தாசை குறையவேண்டும், அப்போது எல்லாம் சரியாகுமாம். இதைச் சொல்லக் குழு எதற்கு? நல்ல ஜோசியர் ஒருவர் போதுமே.

அந்தப் பெண்களின் சங்கம் சும்மா விடவில்லை. ஷூலர் லோவெலிலேயே இருக்கட்டும், சட்டசபை கூடும் பாஸ்டன் நகரத்துக்காரர்களுக்கு அவரால் தொந்தரவு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த தேர்தலில் ஆள் தோற்றார். அவர்களால்தான் தோற்றார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அவரைத் தோற்கடித்த வாக்காளர்களுக்குச் சங்கம் மறக்காமல் நன்றி சொன்னது. 1853-ல் ஆலைகள் 11 மணி நேரத்துக்கு இறங்கி வந்தன. பத்து மணி நேரச் சட்டம் வர 1874 ஆயிற்று.

எனக்கு இதைவிடச் சுவையானது இன்னொரு சண்டை. ஆலைப் பெண்களே எழுதிய 'லோவெல் ஆஃபரிங்' என்ற இதழுக்கு ஆசிரியர் ஹாரியட் ஃபார்லி. ஆலைகளைக் குறைசொல்லி எழுதினால் போடமாட்டார்கள் என்று சங்கத் தலைவி சாரா பேக்லி குற்றம் சாட்டினார். ஃபார்லி மறுத்தார். தொழில்பாசத்தில் நான் ஃபார்லி பக்கம் நிற்கவேண்டியவன்தான். என்ன செய்ய, முதலாளிகளின் தயவில் நடந்த இதழ் என்று பெயர் வாங்கிவிட்டது. 1845 முடிவதற்குள் நின்றும்போயிற்று.

பேக்லியிடம் எனக்குப் பிடித்தது இதுதான். பிரசுரமாகாத கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியருக்கு வாராவாரம் கார்டு போடவில்லை. 'வாய்ஸ் ஆஃப் இண்டஸ்ட்ரி' என்ற தொழிலாளர் ஏட்டில் எழுதினார். சங்கம் அந்த ஏட்டின் அச்சு இயந்திரத்தையே வாங்கிவிட்டது. தன் வெண்பாக்களைத் திருப்பி அனுப்பியதற்காக என்னைச் சபித்துக்கொண்டிருக்கும் அன்பர் கவனிக்க: அச்சு இயந்திரம் வாங்கும் உத்தேசம் இருந்தால் நல்ல மெக்கானிக் ஒருவரை எனக்குத் தெரியும்.