ஓநாய்க் கலப்பு நாயை வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி: முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘80 சதவீத ஓநாய்’ என்று சொல்லப்படும் கலப்பினக் குட்டி ஒன்றை வாங்கித் தரும்படி உயர்தரம் படிக்கும் என் மகன் நச்சரிக்கிறான். நீலக் கண்ணுள்ள தாயின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். எங்களுடையது ஆறு பேர்ச் காணியில் கட்டிய வீடு. ஐந்து வயதுப் பேத்தியும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. வாங்கலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: வேண்டாம் அம்மா. விளம்பரமே முதலில் இடிக்கிறது. ஓநாய்க் குட்டிகள் நீலக் கண்ணுடன் பிறந்தாலும் சில மாதங்களில் அது மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ மாறிவிடும். வளர்ந்த தாய்க்கு நீலக் கண் என்றால் அது பெரும்பாலும் ஹஸ்கி என்னும் நாயினத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். அப்படியானால் தந்தை முழு ஓநாயாகவே இருந்தாலும் குட்டியில் ஓநாயின் பங்கு பாதியைத் தாண்டாது. 80 சதவீதம் என்பது விலையை ஏற்றுவதற்குச் சொல்லும் கணக்கு.

உண்மையான கலப்பினம் என்றே வைத்துக்கொள்வோம். ஓநாயும் நாயும் மிக நெருங்கிய உறவுடையவை என்பதால் அவற்றின் கலப்புக் குட்டிகளும் இனம்பெருக்கும். ஆனால் எந்தக் குட்டிக்கு எந்தக் குணம் வாய்க்கும் என்பதை வளர்ப்பவராலும் சொல்ல முடியாது, ஒரே ஈற்றில் பிறந்தவைகூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓநாய் பருவமடைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை காலைச் சுற்றி வந்த பிராணி, அதன் பின்னர் தன் உணவுக்கும் இடத்துக்கும் உரிமை கொண்டாடத் தொடங்கலாம். ஓடும் பூனையையும், கீழே விழுந்து வீரிட்டு அழும் குழந்தையையும் அது இரையாகக் கருதித் தாக்கினால் அதைக் கெட்ட குணம் என்று சொல்ல முடியாது. அதன் இயல்பே அது. எட்டடி உயர வேலியும், நிலத்தைத் தோண்டி வெளியேறாதபடி அடியில் புதைத்த கம்பி வலையும் இதற்குத் தேவை என்று அனுபவசாலிகள் கூறுவர். ஆறு பேர்ச் காணியில் அதற்கு எங்கே இடம்? போதாக்குறைக்கு, குளிர்நாட்டு இரட்டை உரோமத்துடன் அது கொழும்புப் புழுக்கத்தில் ஆண்டு முழுவதும் அவதிப்படும்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது விசர்நாய்க்கடி நோயே. அந்த நோய் இன்னும் ஒழியாத நாட்டில் இருக்கிறோம். நாய்களுக்குப் போடும் தடுப்பூசிகள் நாய்களில் பரிசோதிக்கப்பட்டு அவற்றுக்கென அனுமதிக்கப்பட்டவை. அமெரிக்காவிலும் ஓநாய்க் கலப்பினத்துக்கென உரிமம் பெற்ற தடுப்பூசி கிடையாது. கடித்த நாயைப் பத்து நாட்கள் அவதானிக்கும் முறையும் நாயை அடிப்படையாகக் கொண்டதே. எனவே அமெரிக்காவில் கலப்பினம் ஒன்று யாரையேனும் கடித்தால், அதைக் கொன்று மூளையைப் பரிசோதிக்கும்படி அதிகாரிகள் பணிக்கக்கூடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் பிராணியின் உயிர் ஊசலாடும்.

பிரித்தானியாவில் முதலிரு தலைமுறைக் கலப்பினங்களை வைத்திருக்க, 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும். இங்கே நாயை இறக்குமதி செய்யவே விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்தப் பத்திரத்தைக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள்.

மகனிடமும் ஒன்று கேளுங்கள். இந்தப் பிராணி பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடும். அவர் நாளை படிப்புக்கென வெளிநாடு போனால், அதன் சங்கிலியைப் பிடிக்கப்போவது யார்?