‘ரகசிய அறிக்கை இருக்கிறது’ என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறோம். 1998 பிப்ரவரி 14 அன்று நூல் பாக்கி வசூலிக்கக் கோவை ஆர்.எஸ்.புரம் போயிருந்த என் அப்பா, குண்டுவெடிப்பில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அரசு அப்போது கொடுத்த தொகை மருத்துவச் செலவுக்கே போதவில்லை. சென்ற மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். குண்டு வெடிக்கப்போவது அரசுக்கு முன்பே தெரியும் என்றும், அதற்கான ரகசிய உளவு அறிக்கையின் நகல் தன்னிடம் இருக்கிறது என்றும், உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் 25 லட்சம் கிடைக்கும் என்றும் சொல்கிறார். இலங்கையில் முன்னாள் அதிபரையே நஷ்டஈடு கட்ட வைத்த தீர்ப்பைப் பற்றிய பத்திரிகைச் செய்தியையும் காட்டினார். முன்பணம் 40,000 ரூபாய், வென்றால் நான்கில் ஒரு பங்கு, எழுதாத வக்காலத்தில் (வழக்கு நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் படிவத்தில்) அப்பாவின் கையெழுத்து ஆகியவற்றைக் கேட்கிறார். கொடுக்கலாமா? எச்சரிக்கை இருந்ததா இல்லையா என்பதையாவது அப்பா தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்தும் வேண்டாம். பாவு நூலை எடை போடாமல் வாங்க மாட்டீர்கள் அல்லவா? எழுதாத தாளில் அப்பாவின் கையெழுத்தை வாங்கிப்போக மட்டும் ஏன் விடவேண்டும்? அவருடைய காயச் சான்றிதழ், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, அன்று வந்த அரசுக் கடிதம் எதுவும் அசலாக வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இப்படி ஒரு தரகரை நம்பிக் கணவரின் காயச் சான்றிதழ் அசலைப் பறிகொடுத்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். வழக்கும் இல்லை, தரகரும் இல்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக்கூட அவரிடம் காகிதம் மிஞ்சவில்லை.

வந்தவர் வழக்கறிஞரானால், வென்ற தொகையில் பங்கு என்ற பேச்சே விதிமீறல். நம் நாட்டில் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேச வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை, வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி அதைத் தடுக்கிறது. வீடு தேடிப் போய் வழக்குப் பிடிப்பதற்கும் தடை உண்டு. வந்தவர் வழக்கறிஞரே இல்லையென்றால் அவர் இடைத்தரகர். பிறருடைய துயரத்தை வைத்துப் பிழைப்பவரிடம் மரியாதைக்காகக்கூடத் தயங்கவேண்டியதில்லை.

அந்த ‘ரகசிய அறிக்கை’ இன்னும் ஆபத்தானது. அது போலியாக இருந்தால், போலி ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தவராக உங்கள் அப்பாதான் நிற்பார். உண்மையாக இருந்தால் அதைவிட மோசம். ரகசியமான அரசு ஆவணத்தை முறைகேடாக வந்தது என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பது, 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டப்படி குற்றம். அந்தக் காகிதத்தைத் தொடாதீர்கள், கைப்பேசியில் படமும் எடுக்காதீர்கள்.

இலங்கைத் தீர்ப்பு உண்மையானது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பதினேழு நாள் முன்பே, ஏப்ரல் 4 அன்று, இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை அங்கே போய்விட்டது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் பெயரும், தேவாலயங்கள் இலக்கு என்பதும் அதில் இருந்தன. 2018-இல் கோவையில் நடந்த கைதுகளை ஒட்டிய விசாரணையில்தான் சஹ்ரானைப் பற்றிய தடயங்கள் நம் அதிகாரிகளுக்குக் கிடைத்தன என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. இவ்வளவு துல்லியமான தகவலை வைத்துக்கொண்டு அங்கே யாரும் அசையவில்லை. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேனா தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் கட்டவேண்டும் என்றது. போலீஸ் தலைவரும் உளவுத் தலைவரும் ஆளுக்கு ஏழரைக் கோடி கட்டவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது நம் ஊரிலும் இப்படி ஒன்று வராதா என்று நானும் ஏங்கினேன். ஆனால் அங்கே மனுதாரர்கள் வென்றதற்குக் காரணங்கள் உண்டு. பெயரும் இலக்கும் எழுதப்பட்ட எச்சரிக்கை இருந்தது. அது யார் மேசையிலிருந்து யார் மேசைக்குப் போனது என்பது வெளியே வந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் நேராக உச்ச நீதிமன்றம் போகவேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பு சொல்கிறது. அவர்கள் அப்படித்தான் போனார்கள். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. கோவைச் சம்பவம் நடந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. நஷ்டஈட்டு வழக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுக்கு உத்தரவிடக் கேட்டு நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு அப்படிக் கெடு இல்லை, ஆனால் ‘இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள்?’ என்று நீதிபதி முதல் நாளே கேட்பார்.

அரசு காக்கத் தவறியதற்காக நஷ்டஈடு என்பது நம் சட்டத்தில் இல்லாத ஒன்றல்ல. அதற்கான முக்கியமான தீர்ப்பு ஒன்று கோவையிலிருந்தே பிறந்தது. 1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின், இங்கே வாழ்ந்த சீக்கியர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. ஆர். காந்தி எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கில், மக்களின் உயிரையும் உடைமையையும் காப்பது அரசின் கடமை, அதில் தவறினால் ஈடு செய்யவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆட்சியர் மதிப்பிட்ட சேதத்தை வைத்துத் தொகையும் கொடுக்கச் சொன்னது. ஆனால் அங்கே கும்பல் பட்டப்பகலில் கண்முன் நின்றது. ஒளித்து வைத்த குண்டு அப்படியல்ல. எந்த இடம், எந்த நாள், யார் என்று போலீசுக்குத் தெரிந்திருந்தது என்பதை நீங்கள் நிரூபித்தாகவேண்டும். ‘பொதுவாகப் பதற்றம் இருந்தது, 1997 நவம்பரிலேயே கலவரம் நடந்தது, எனவே தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வாதம் மனசாட்சிக்குப் போதும். நீதிமன்றத்துக்குப் போதாது.

2022 அக்டோபர் 23 அன்று கோவையில் கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே கார் வெடித்தபோதும் இதே சிக்கல்தான். மத்திய அரசு 18-ஆம் தேதியே எச்சரித்தது என்று அன்றைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை சொன்னார். அது எல்லா மாநிலங்களுக்கும் போன பொதுச் சுற்றறிக்கை, கோவையின் பெயரே அதில் இல்லை என்று காவல்துறை பதில் சொன்னது. காரில் இறந்த நபரை மத்திய அரசின் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) 2019-லேயே விசாரித்திருந்தது. அப்படியானால் கண்காணிப்பு மத்திய அரசின் பொறுப்பா, மாநில அரசின் பொறுப்பா? இருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். எச்சரிக்கையைக் கோட்டை விட்டவர்களின் கையிலேயே அதற்கான சாட்சியமும் பூட்டிக் கிடக்கும் ஏற்பாடு இது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் ‘ரகசியம்’, அரசியல்வாதி மேடையில் பேசினால் அதே விஷயம் தலைப்புச் செய்தி. எனக்கு இதில் பொறுமை தீர்ந்து வெகு காலமாகிவிட்டது.

எனவே பணம் கேட்டு இந்த வழக்குக்குப் போகவேண்டாம். ஆனால் உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு, அதாவது அப்பா தெரிந்துகொள்ள வழி உண்டா என்பதற்கு, பதில் உண்டு என்பதுதான். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

1998 குண்டுவெடிப்புகளை விசாரிக்க நீதிபதி பி.ஆர். கோகுலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2000-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இப்படிப்பட்ட அறிக்கையை, அதன்மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்புடன், ஆறு மாதத்துக்குள் சபையில் வைக்கவேண்டும் என்று விசாரணை ஆணையச் சட்டம் சொல்கிறது. சபையில் வைத்தது ரகசியம் ஆகாது. ஆணையத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதும், ஆணையத்திடம் ஒருவர் சொன்னதை அவருக்கு எதிராக வழக்கில் பயன்படுத்த முடியாது என்பதும் வேறு விஷயம். அதனால்தான் எந்த அரசுக்கும் ஆணையம் அமைப்பது இவ்வளவு எளிதாக இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எட்டாவது பிரிவு, தகவலை மறுக்கப் பத்துக் காரணங்களைத் தருகிறது. புலனாய்வு பாதிக்கும், ஒருவரின் உயிருக்கு ஆபத்து, தனிப்பட்ட விவரம் என்று பட்டியல் நீளும். பொதுத் தகவல் அலுவலர்கள் அந்தப் பட்டியலோடு நின்றுவிடுவார்கள். அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவை அவர்கள் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். விண்ணப்ப நாளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு என்றால், அந்தக் காரணங்களில் மூன்றுதான் மிஞ்சும்: நாட்டின் பாதுகாப்பும் இறையாண்மையும், சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்புகள். மற்றவை எல்லாம் உதிர்ந்துவிடும். கோவைச் சம்பவத்துக்கு அந்த இருபது ஆண்டு 2018 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. ‘புலனாய்வு பாதிக்கும்’ என்று இனி யாரும் உங்களுக்கு எழுதமுடியாது. எழுதினால் மேல்முறையீட்டில் இந்த உட்பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘நாட்டின் பாதுகாப்பு’ என்று மறுத்தால், எந்தப் பக்கம், என்ன காரணம் என்று கேளுங்கள். மறைக்கவேண்டிய பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தர பத்தாவது பிரிவு வழி செய்கிறது. ‘கோப்பு அழிக்கப்பட்டது’ என்றால் அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

மாநில உளவுப் பிரிவுகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, எனவே அங்கே விண்ணப்பிக்காதீர்கள். சென்னைத் தலைமைச் செயலகத்தின் உள்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, கோவை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு விண்ணப்பம் போதும். ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். ‘ஏன் தடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தை அல்ல. உள்துறையிடம் ஆணைய அறிக்கையின் நகலையும் நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். ஆட்சியரிடம் காயமடைந்தோர் பட்டியலில் அப்பாவின் பெயர் உள்ள பக்கத்தையும், அவருக்கு அனுமதித்த தொகை, கொடுத்த தொகை, அதற்கான அரசாணை ஆகியவற்றையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு, அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஆட்சியர் அலுவலகப் பதிலைக் கவனமாகப் பாருங்கள். அனுமதித்ததற்கும் கொடுத்ததற்கும் இடையே வேறுபாடு இருந்தால், அந்தப் பாக்கியைக் கேட்டு ரிட் மனுப் போட இன்றும் வாய்ப்பு உண்டு. உங்கள் குடும்பத்துக்கு நான் பார்க்கும் ஒரே வழக்கு அதுதான். பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மத்திய அரசின் நிதியுதவித் திட்டம் 2008 ஏப்ரல் முதல் நடந்த சம்பவங்களுக்கு மட்டுமே, அதைக் காட்டியும் யாராவது பணம் கேட்கலாம்.

வழக்கு என்று வந்தால் அதற்கும் பணம் வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அப்பாவின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், காயச் சான்றிதழின் நகல், ஆட்சியர் அலுவலகம் தரும் பதில் ஆகியவற்றோடு போங்கள். அந்த நபர் திரும்பி வந்து ‘வழக்குப் போட்டாகிவிட்டது’ என்று அஞ்சல் ரசீதைக் காட்டினால், வழக்கின் சிஎன்ஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் நீதிமன்றம் தரும் தனி எண்ணை, கேளுங்கள். அரசுக்கு அனுப்பிய நோட்டீஸ் வழக்கு ஆகாது. நீதிமன்றத்தில் உண்மையாகவே பதிவான வழக்குக்கு எழுத்தும் எண்ணும் கலந்த அந்தப் பதினாறு இலக்க எண் இருக்கும், இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.